கணித்த எண்ணும் காட்டிய எண்ணும்

கணக்கைச் சரியாகச் செய்வது ஒரு கலை. செய்த கணக்கைப் பிறர் ஐயமின்றி அறியுமாறு எழுதிக் காட்டுவது மற்றொரு கலை. முன்னையதில் வல்லவர் எல்லோரும் பின்னையதிலும் வல்லவராய் இருப்பதில்லை. இலாப நட்டத்தைக் கணப்பொழுதில் மனக்கணக்காகச் சொல்லிவிடும் வணிகர் ஒருவருடைய கணக்கேட்டைப் புரட்டினால், ரூபாவின் நிரலிலே சதம் புகுந்தும், நூறின் தானத்திலே பத்து நின்றும், கூட்ட வருவோர் தலை சுற்றும்படி இருத்தல் உண்டு. இவ்வுண்மை மனிதர்க்கு மட்டுமன்றிக் கணினிக்கும் பொருந்துவதாகும்.

இன்று எமது பாடசாலைகளிலே மாணவர் பலர் கணினிக்குச் செய்நிரல் எழுதக் கற்கின்றனர். கணினி செய்யவேண்டிய வேலையை முறைப்பட எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே செய்நிரல் எனப்படுவது. அதனைப் புதிதாகக் கற்போர், விடையைக் கணிக்கும் கட்டளைகளிலே கருத்தூன்றுகின்றனர். கணித்த விடையைத் திரையிலோ தாளிலோ காட்டும் கட்டளையை வெறும் ஒப்பனை வேலை எனக் கருதி அசட்டை செய்கின்றனர். சரியான விடை வந்துவிட்டதே, அஃது எவ்வாறு தோன்றினால் என்ன என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் எத்துணைப் பிழையானது என்பதை உணர்த்த, ஒரு தேர்தல் வரலாற்றை முதலிற் கூறுவோம்.

ஒரு தேர்தல் இரவு

ஜேர்மனி நாட்டின் வடகோடியிலே சிலெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் என்னும் மாநிலம் உளது. கீல் நகரம் அதன் தலைநகர். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் நாள் அம்மாநிலத்தின் சட்டசபைக்குத் தேர்தல் நிகழ்ந்தது. வாக்குகளில் நூற்றுக்கு 5 வீதமேனும் பெறாத கட்சிக்குச் சபையில் இடமில்லை என்பது அங்குள்ள பொதுவிதி. வாக்குகளை எண்ணி முடித்தபோது, கணினி அச்சிட்ட பட்டியலிலே பசுமைக் கட்சியின் பெயருக்கு நேரே 5.0 வீதம் என்று காணப்பட்டது. கட்சி எல்லையைத் தொட்டுவிட்டது, சபைக்குள் நுழைந்துவிட்டது என்றே யாவரும் கொண்டனர்.

நள்ளிரவு கழிந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. அக்கட்சி உண்மையிற் பெற்றது 4.97 வீதம் மட்டுமே! பட்டியலை அச்சிட்ட செய்நிரல், வீதத்தை ஒரு தசம தானத்துக்கு மட்டந்தட்டிக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. 4.97 என்பதை ஒரு தசம தானத்துக்கு மட்டந்தட்டினால் 5.0 என்றே வரும். இதனால் பசுமைக் கட்சி பெற்றதாக எண்ணிய ஆசனங்களை இழந்தது. சமூக ஜனநாயகக் கட்சியோ 89 ஆசனங்களில் 45ஐப் பெற்று, ஓர் ஆசனத்தால் அறுதிப் பெரும்பான்மை அடைந்தது. ஒரு மாநிலத்தின் ஆட்சி எவர் கையில் எவ்வாறு அமையும் என்பதை ஒரு தசம தானம் சில மணி நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிட்டது.

இங்கே கணினி தவறாகக் கணிக்கவில்லை என்பதை வாசகர்கள் நன்கு கவனித்தல் வேண்டும். வாக்குகளின் தொகையும் சரி; வகுத்த கணக்கும் சரி. கணித்த எண் ஒன்று, காட்டிய எண் வேறொன்று. காட்டியதையே கணித்ததாகக் கொண்டு தீர்ப்புச் செய்தமையே பிழையாயிற்று.

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ணவேண்டாம். ஒரு பாடசாலையிலே சித்தியெல்லை 35 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவியின் சராசரி 34.96. தேர்ச்சி அறிக்கையை அச்சிடும் செய்நிரல் ஒரு தசம தானம் மட்டும் காட்டுமாயின் 35.0 என்றே காட்டும். அதே அறிக்கையில், உள்ளே இருக்கும் உண்மையான எண்ணை ஒப்புநோக்கிய கட்டளை “சித்தியில்லை” என்று எழுதும். 35.0 பெற்றும் சித்தியில்லையா என்று பெற்றோர் வந்து கேட்டால், அதிபர் என்ன விடை கூறுவார்? எல்லையை அண்டி நிற்கும் எண்ணை இன்னும் ஒரு தானம் கூட்டிக் காட்டியிருந்தால் அக்கேள்விக்கே இடமிராது.

முதற் பாடத்திலேயே உள்ள நீதி

செய்நிரல் கற்பிக்கும் நூல்களிலே பெரும்புகழ் பெற்றது, பிரையன் கேர்னிகன், டெனிஸ் றிச்சி ஆகிய இருவரும் சீ என்னும் கணினி மொழியைப்பற்றி 1978ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட நூலாகும். உலகுக்கு வணக்கம் கூறும் ஒரு வரியைத் திரையிலே காட்டுவது அந்நூலின் முதற் பயிற்சி. இன்றளவும் எம்மொழி கற்பிப்போரும் பெரும்பாலும் அப்பயிற்சியோடு தொடங்குவது மரபாகிவிட்டது. ஆயினும், அதற்கு அடுத்த பயிற்சியே எமது பொருளுக்கு மிக ஏற்றது. பாரன்ஹீற் பாகையைச் செல்சியஸ் பாகையாக மாற்றி, 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறும் ஓர் அட்டவணையை அச்சிடுவது அது.

முதலில் எல்லா எண்களையும் நிறைவெண்ணாகவே கொண்டு செய்நிரல் எழுதப்படுகிறது. அது தரும் வரிகளிற் சில இவை:

0 -17
20 -6
100 37

இவ்வட்டவணையிலே இரு குறைகள் உள. ஒன்று, கண்ணுக்குத் தெரிவது: எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நில்லாமல் இடப்பக்கம் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் கீழ் பத்தும், பத்தின் கீழ் நூறும் விழுகின்றன. மற்றையது கண்ணுக்குத் தெரியாதது: எண்களே பிழையானவை. 0 பாகை பாரன்ஹீற் என்பது செல்சியஸில் −17 அன்று, ஏறக்குறைய −17.8. நிறைவெண்களை வகுக்கும்போது மீதியைக் கணினி வெட்டி எறிந்துவிட்டது. நூலாசிரியர்கள் இக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டித் திருத்திச் செல்கின்றனர். திருந்திய அட்டவணை இவ்வாறு அமையும்:

  0   -17.8
 20    -6.7
100    37.8

100 பாகைக்கு நேரே உள்ள எண்ணை ஒருமுறை உற்றுநோக்குக. மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். குழந்தையின் உடல் 100 பாகை பாரன்ஹீற் காட்டுகிறது என்று கவலையோடு அட்டவணையைப் பார்க்கும் தாய்க்கு, முதல் அட்டவணை 37 என்று கூறி, ஒன்றுமில்லை எனத் தேற்றும். இரண்டாவது 37.8 என்று கூறி, காய்ச்சல் உண்டு என எச்சரிக்கும். தசம தானம் ஒன்றின் பெறுமதி இதனால் விளங்கும்.

ஈண்டு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கீல் நகரிலே உள்ளிருந்த எண் சரி. காட்டிய எண்ணே குறுகியது. முதல் அட்டவணையிலோ உள்ளிருந்த எண்ணே குறுகிவிட்டது. உள்ளே இருப்பது 37 ஆகிவிட்ட பின்னர், பத்துத் தசம தானங்களுக்குக் காட்டும்படி கட்டளையிட்டாலும் 37.0000000000 என்று பொய்யை அலங்கரித்துக் காட்டுமேயன்றி, இழந்த 0.8 மீண்டு வராது.

இவ்விரண்டாவது குற்றம் பெருந்தொகையாக விளைந்த இடம் கனடாவின் வன்கூவர் நகரத்துப் பங்குச் சந்தை. அங்கே பங்குவிலைச் சுட்டெண் 1982ஆம் ஆண்டு ஜனவரியில் 1000 என்று தொடங்கப்பட்டது. வியாபாரம் நடக்குந்தோறும் கணினி அச்சுட்டெண்ணைப் புதுப்பித்தது. புதுப்பிக்குந்தோறும் மூன்று தசம தானங்களுக்கு மேற்பட்டதை மட்டந்தட்டாமல் வெட்டிவிட்டது. வெட்டிய எண்ணிலிருந்தே அடுத்த கணக்கும் தொடங்கியது. துளித் துளியாக ஒழுகியது பெருங்குறையாகி, 1983 நவம்பரிலே சுட்டெண் 520 அளவுக்கு இறங்கி நின்றது. சரியாகக் கணித்துத் திருத்தியபோது அது 1098.892 என்று தெரியவந்தது. காட்டுவதற்காகக் குறுக்கவேண்டிய எண்ணைச் சேமிப்பதற்கும் குறுக்கியமையால் வந்த வினை இது.

எனவே மாணவர் மனத்திற் பதிக்கவேண்டிய விதி இரண்டே. உள்ளே இருக்கும் எண்ணை முழுமையாக வைத்திரு. வெளியே காட்டும்போது மட்டும் குறுக்கு. தீர்ப்புச் செய்யவேண்டிய இடத்தில் உள்ளிருக்கும் எண்ணைக் கொண்டு செய்; காட்டிய எண்ணைக் கொண்டு செய்யாதே.

மூன்று கேள்விகள்

ஓர் எண்ணை அழகுறவும் நேர்மையாகவும் காட்டுவதற்குச் செய்நிரல் எழுதுபவர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும். அந்த எண்ணுக்கு எத்தனை எழுத்தளவு இடம் ஒதுக்குவது? எத்தனை தசம தானம் காட்டுவது? ஒதுக்கிய இடத்தில் எப்பக்கம் ஒட்டி நிறுத்துவது? எம்மொழியாயினும் கேள்விகள் இவையே. விடை எழுதும் வழக்கு மட்டும் வேறுபடும்.

சீ மொழியிலே “பிரின்ட்-எஃப்” என்னும் கட்டளை உண்டு. அதன் இறுதியில் வரும் “எஃப்” என்பது, வடிவமைத்துக் காட்டுவது என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகும். வீதக்குறி ஒன்றை இட்டு, அதன்பின் 6, ஒரு புள்ளி, 1, எஃப் என்னும் எழுத்து ஆகியவற்றை எழுதினால், “ஆறு எழுத்தளவு இடம், ஒரு தசம தானம்” என்பது பொருள். எண் சிறிதாயின் முன்னே வெற்றிடம் நிரம்பும். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எண்களை வலப்பக்கமும் பெயர்களை இடப்பக்கமும் ஒட்டி நிறுத்துவதே கணக்கேட்டின் பழைய முறையும் ஆகும்.

மாணவர்க்குக் கற்பிப்பதற்கென்றே நிக்கிளவுஸ் விர்த் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் ஆக்கி 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில், எண்ணின் பின்னே முக்காற்புள்ளி இட்டு இடத்தின் அளவும், மீண்டும் முக்காற்புள்ளி இட்டுத் தசம தானமும் எழுதப்படும். அவ்வாறு எழுத மறந்தால், 37.8 என்பதைப் பத்தின் அடுக்கோடு கூடிய நீண்ட வடிவிலே அது காட்டிவிடும். முதன்முறை காணும் மாணவர் தமது கணக்கே பிழைத்தது என மயங்குவர். பிழைத்தது கணக்கன்று, காட்டும் முறையே. இக்காலத்தில் பலரும் கற்கும் பைதன் மொழியிலோ, 2016ஆம் ஆண்டு முதல், நெளி அடைப்பினுள் மாறியின் பெயரையும் முக்காற்புள்ளியையும் இடத்தையும் தானத்தையும் ஒருங்கே எழுதும் எளிய வழி உளது.

ஒதுக்கிய இடத்துக்குள் எண் அடங்காவிடில் என்ன நேரும்? 1957இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் என்பவர் தலைமையில் உருவாகிய போட்ரான் மொழி, அவ்விடம் முழுவதையும் நட்சத்திரக்குறிகளால் நிரப்பிவிடும். சீ, பாஸ்கல், பைதன் ஆகியன நிரலின் ஒழுங்கு குலைந்தாலும் எண்ணை முழுமையாகவே எழுதும். இரு வழிகளுள் எது நன்று என்பது வேறு விவாதம். ஆயினும், எண்ணின் ஒரு பகுதியை மறைத்து மற்றப் பகுதியைக் காட்டும் பொய்யை இவற்றுள் எதுவும் செய்வதில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்துப் போட்ரான் மொழியிலே எழுதியோர் பட்ட பாடும் சிறிதன்று. ஒரு சொற்றொடரை அச்சிட வேண்டின், அதிலுள்ள எழுத்துக்களையும் வெற்றிடங்களையும் விரல்விட்டு எண்ணி, அத்தொகையை முன்னே எழுதவேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும் கட்டளை குழம்பிவிடும். அன்றியும், ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் அச்சாகாமல், தாளை நகர்த்தும் சைகையாகக் கொள்ளப்பட்டது. அவ்விடத்தில் 1 இருந்தால் தாள் புதிய பக்கத்துக்குத் தாவும். கவனமின்றி எழுதியவரின் எண்ணில் முதல் இலக்கமாகிய 1 அவ்விடத்தில் விழுந்தால், இலக்கமும் மறையும், தாளும் பறக்கும்!

வணிகக் கணக்குக்கென 1959-60இல் உருவாகிய கோபோல் மொழியோ வேறொரு வழியைக் கண்டது. எண் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைச் சித்திரம்போல எழுத்துக்களால் வரைந்து காட்டிவிட்டால் போதும். “இசட்” என்னும் ஆங்கில எழுத்தை இட்ட இடத்திலே பயனற்ற முற்சுழியங்கள் மறையும். 9 இட்ட இடத்திலே இலக்கம் தவறாது தோன்றும். நட்சத்திரம் இட்ட இடத்திலே வெற்றிடத்துக்குப் பதிலாக நட்சத்திரம் நிற்கும். காசோலையிலே தொகைக்கு முன் வெற்றிடம் இருந்தால், வஞ்சகர் அங்கே ஓர் இலக்கத்தைச் செருகக்கூடும் அன்றோ? அவ்வழியை நட்சத்திரம் அடைத்துவிடுகிறது. வெளித்தோற்றம் என நாம் இகழும் ஒன்று இங்கே பணப்பெட்டிக்குப் பூட்டாக அமைதல் காண்க.

அச்சிடும் எந்திரம் வேண்டிய அறிஞர்

காட்டும் முறையின் அருமையை, மின்கணினி தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் ஆங்கிலேய அறிஞர் சாள்ஸ் பபேஜ். அவர் காலத்திலே மாலுமிகளும் வானநூலாரும் பொறியியலாளரும் அச்சிட்ட மடக்கை அட்டவணைகளையும் பிற அட்டவணைகளையும் நம்பியே தொழில் செய்தனர். அவற்றிலோ பிழைகள் மலிந்திருந்தன. கணிப்பவர் தவறுவது ஒருபுறமிருக்க, கணித்ததைப் படியெடுப்பவர் தவறினார், அச்சுக்கோப்பவர் தவறினார், பிழை திருத்துபவர் கண்ணிலும் சில தப்பின. எனவே கணிக்கும் எந்திரமே அச்சிடவும் வேண்டும், இடையிலே மனிதர் கை படக்கூடாது என்று அவர் துணிந்தார்.

1847 முதல் 1849 வரை அவர் வரைந்த இரண்டாவது வித்தியாச எந்திரத்தின் அச்சுப் பகுதி எம்மை வியக்கச் செய்கிறது. வரிகளுக்கிடையே எவ்வளவு உயரம், பக்கத்திலே எத்தனை நிரல், நிரல்களுக்கிடையே எவ்வளவு ஓரம், எத்தனை வரிக்கு ஒருமுறை வெற்றுவரி விடுவது என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள அதிலே வழி இருந்தது. அவர் வாழ்நாளில் அவ்வெந்திரம் உருப்பெறவில்லை. இலண்டன் அறிவியல் நூதனசாலையார் அவருடைய வரைபடங்களைக் கொண்டு கணிக்கும் பகுதியை 1991இலும், அச்சுப் பகுதியை 2002இலும் செய்து முடித்தனர். எந்திரத்தின் ஏறக்குறைய எண்ணாயிரம் உறுப்புக்களிலே பாதியளவு, காட்டும் வேலைக்கே உரியன. கணிப்பதற்கு எவ்வளவு உழைப்போ, காட்டுவதற்கும் அவ்வளவு உழைப்பு என்று அம்மேதை கருதினார் போலும்.

தமிழெழுத்தின் தனி வழக்கு

தமிழிலே பெயர்ப்பட்டியல் அச்சிட முயலும் மாணவர்க்கு, மேற்கூறியவற்றோடு இன்னுமோர் இடர் காத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்தளவு இடம் ஒதுக்கி, அதன் பின்னே ஓர் எண்ணை எழுதச் சொன்னால், எண்கள் ஒரே நேராக நில்லாமல் கோணலாகி ஓடும். கட்டளை சரியாகவே இருக்கும். கோணல் எங்கிருந்து வந்தது என்று திகைப்பர்.

காரணம் இது. கணினியிலே தமிழ் எழுத்துக்கள் யூனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறைப்படி வைக்கப்பட்டுள்ளன. அதிலே உயிர்மெய்யெழுத்து முழுமையாக ஒரே குறியன்று. அகரமேறிய மெய்க்கு ஒரு குறி. அதனோடு சேரும் விசிறிக்கோ கொம்புக்கோ காலுக்கோ மற்றொரு குறி. மெய்யின் தலையிலுள்ள புள்ளிக்கும் தனிக்குறி. ஆகவே “கண்டி” என்பது நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைதன் எண்ணினால் ஐந்து. “யாழ்ப்பாணம்” எமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. பன்னிரண்டு இடத்தை நிரப்புவதற்குக் கண்டியின் பின்னே ஏழு வெற்றிடமும், யாழ்ப்பாணத்தின் பின்னே ஒரே ஒரு வெற்றிடமும் அது சேர்க்கும். நிரல் கோணாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, தமிழ் எழுத்துக்களின் அகலமும் ஒன்றன்று. “ர” ஒடுங்கியது, “ண” அகன்றது. ஆங்கிலத் தட்டச்சுப்பொறியிலே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்னும் வழக்கிலிருந்து பிறந்த இக்கட்டளைகள், எமது எழுத்துக்கு முற்றும் பொருந்துவன அல்ல.

இதற்கு மாணவர் உடனே கையாளக்கூடிய எளிய வழி ஒன்றுண்டு. எண்களை முன்னும் பெயரைக் கடைசியிலும் எழுதுக. எண்கள் நேராக நிற்கும். கடைசியில் வரும் பெயர் எத்துணை நீண்டாலும் அதன்பின் நிற்க வேறொன்றும் இல்லையாதலால் கோணல் தோன்றாது. பெயர் முன்னே வந்துதான் ஆகவேண்டும் எனின், வெற்றிடங்களை எண்ணி நிரப்புவதை விடுத்து, கட்டம் வகுத்த அட்டவணையிலே எழுதுவது தக்கது. சற்று முன்னேறிய மாணவர், சார்ந்து வரும் குறிகளைக் கழித்து எழுத்தை மட்டும் எண்ணும் சிறிய செய்நிரல் ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்கலாம். அது நல்லதொரு பயிற்சியாகும்.

கற்போர்க்கும் பெற்றோர்க்கும்

இறுதியாக மூன்று செய்திகள். பைதன் மொழியிலே 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, வடிவமைக்காது காட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். கணினி இலக்கங்களைத் துவித முறையிலே வைப்பதால், 0.1 என்பது அதனுள் முற்றும் துல்லியமாக அடங்குவதில்லை. இதே காரணத்தால் 2.675 என்பதை இரு தசம தானங்களுக்குக் காட்டச் சொன்னால், நாம் எதிர்பார்க்கும் 2.68 வராது 2.67 என்றே வரும். ஆகவே பணக்கணக்கை ரூபாவிலே தசமமாக வைக்காமல், சதமாக நிறைவெண்ணில் வைத்துக் கணித்து, காட்டும்போது மட்டும் ரூபாவாக்கிக் காட்டுதல் நன்று.

இரண்டாவது, நூறு ரூபாவை மூவர் பங்கிட்டால் ஒவ்வொருவர்க்கும் 33.33 என்று காட்டப்படும். அம்மூன்றையும் கூட்டினால் 99.99. ஒரு சதம் எங்கே என்று கேட்பவர் குற்றமற்றவர். அட்டவணையின் கீழே, எண்கள் மட்டந்தட்டப்பட்டவை, ஆதலால் கூட்டுத்தொகை சிறிது வேறுபடலாம் என்று ஒரு வரி சேர்ப்பது காட்டுவோன் கடமை.

மூன்றாவது, வேண்டுமளவுக்கு மேல் தசமம் காட்டுதலும் ஒருவகைப் பொய்யே. சாதாரண வெப்பமானியில் அரைப் பாகைவரை பார்த்துவிட்டு, 37.7778 என்று எழுதினால், நாம் அளக்காத நுட்பத்தை அளந்ததாகக் காட்டியவர் ஆவோம்.

பிள்ளைகள் எழுதிய செய்நிரலைக் காட்டும்போது, பெற்றோர் அதன் உள்ளே உள்ள கட்டளைகளை அறியாவிடினும் திரையில் தோன்றுவதை வாசித்தல் கூடும். “இவ்வெண் ரூபாவா, சதமா? இது முழுதா, மட்டந்தட்டியதா? இந்நிரலின் தலைப்பு எங்கே?” என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்குத் திரையே விடை கூறுமாயின் அப்பிள்ளை நன்கு கற்றிருக்கிறது. எழுதியவர் அருகில் நின்று விளக்கினால்தான் விளங்கும் என்றால், கணக்கு எத்துணைச் சரியாயினும் வேலை இன்னும் முடியவில்லை. திரையிலே தோன்றும் எண்ணைப் படிப்பவர், அதனை எழுதியவரை ஒருபோதும் காணமாட்டார். அவர் கையில் கிடைப்பது அந்த எண் ஒன்றே.